உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போன வாரம் வரை ஒழுங்காக ஓடிய வண்டி, இன்று சாவியைத் திருப்பினால் மக்கர் பண்ணுகிறது. புல் வளர்ந்துகொண்டே இருக்கிறது. இந்த அவசரத்தில் பெரும்பாலானவர்கள் முதலில் ஒரு புது பேட்டரி வாங்குகிறார்கள். சரியாகவில்லை என்றால் செல்ஃப் மோட்டார், அப்புறம் கார்புரேட்டர். மூன்றையும் மாற்றிய பிறகும் வண்டி அப்படியே நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒருமுறை என் வண்டியிலேயே முதல் இரண்டையும் மாற்றி ஏமாந்தேன். அதைக் கீழே சொல்கிறேன். காசு செலவழிப்பதற்கு முன்னால் பத்து நிமிடம் வண்டியின் சத்தத்தைக் கேட்டு, ஒரு மல்டிமீட்டரால் நாலு இடத்தில் அளந்து பார்த்தால் பெரும்பாலும் காரணம் பிடிபட்டுவிடும். இங்கே சொல்வதெல்லாம் பெட்ரோலில் ஓடும், கார்புரேட்டர் வைத்த வண்டிகளுக்கு.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

காதிலிருந்து. சாவியைத் திருப்பி, வேறு எதையும் தொடாமல் கேளுங்கள். ஒரு சத்தமும் இல்லையா? ஒரே ஒரு 'டிக்' மட்டுமா? 'டிக்டிக்டிக்' என்று படபடக்கிறதா? செல்ஃப் முக்கி, இன்ஜின் பாதி சுற்றி நின்றுவிடுகிறதா? இல்லை, நன்றாகச் சுற்றியும் பிடிக்கவே இல்லையா?

இந்த ஐந்துக்கும் காரணங்கள் வேறு வேறு. நன்றாகச் சுற்றும் இன்ஜினுக்குப் புது பேட்டரி போட்டு ஒரு பயனும் இல்லை. சத்தமே வராத வண்டியின் கார்புரேட்டரைக் கழற்றுவதும் அப்படித்தான். கீழே உள்ள கேள்விகளையும் இந்த வரிசையில்தான் வைத்திருக்கிறேன். உங்கள் வண்டியின் சத்தம் எதுவோ, அங்கே போய்ப் படியுங்கள்.

கை வைப்பதற்கு முன் என்ன கவனிக்க வேண்டும்?

பிளேடு பக்கம் கை போகிறது என்றால் முதலில் இன்ஜினின் ஸ்பார்க் பிளக் மேல் இருக்கும் தொப்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள். இரண்டு சிலிண்டர் இன்ஜின் என்றால் இரண்டையும் கழற்ற வேண்டும். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆளைச் சாய்த்த பிறகுதான் தெரியும். வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்து வேலை செய்யுங்கள்.

சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இல்லை. பேட்டரி போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் அதை விட எளிய காரணங்கள் முதலில் இருக்கின்றன. பிரேக் பெடலை முழுவதுமாக மிதித்திருக்கிறீர்களா? பிளேடு சுவிட்ச் அணைந்திருக்கிறதா? கைப்பிடிகளால் திருப்பும் வகை வண்டி என்றால் இரண்டு கைப்பிடிகளும் வெளிப்பக்கம், நியூட்ரலில் இருக்கின்றனவா? இதில் ஒன்று தவறினாலும் வண்டி செல்ஃபுக்கு கரண்ட் கொடுக்காது. அது பழுது இல்லை, பாதுகாப்பு ஏற்பாடு.

அதெல்லாம் சரி என்றால் அடுத்தது ஃபியூஸ். பேட்டரிக்குப் பக்கத்திலோ சாவி சுவிட்சுக்குப் போகும் வயரிலோ 15 அல்லது 20 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று இருக்கும். உருவிப் பாருங்கள். கம்பி அறுந்திருந்தால் அதே ஆம்பியருக்குப் புதிது போடுங்கள். அதுவும் உடனே போனால் எங்கேயோ ஒரு வயர் தோல் உரிந்து சேசிஸில் படுகிறது. சீட்டுக்கு அடியிலும், திருப்பும்போது அசையும் இடங்களிலும் தேடுங்கள். பெரிய ஆம்பியர் ஃபியூஸ் போட்டுச் சமாளிக்க வேண்டாம், வயர் எரியும்.

அப்புறம்தான் பேட்டரி. டெர்மினலை ஒரு கையால் ஆட்டிப் பாருங்கள், ஆடக்கூடாது. வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் என்று கழற்றி, சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவித் துடைத்து, கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்து மாட்டுங்கள். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், நெகட்டிவ் கடைசியில். நெகட்டிவ் வயரின் மறுமுனை சேசிஸில் முடுக்கப்பட்டிருக்கும். அந்த போல்ட்டை யாரும் பார்ப்பதே இல்லை. அங்கே துருவும் பெயின்டும் ஏறி எர்த் கிடைக்காமல் நிற்கும் வண்டிகள் நிறைய.

பாதுகாப்பு சுவிட்சில் எது போயிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

மல்டிமீட்டரைத் தொடர்ச்சி பார்க்கும் நிலையில் வையுங்கள், ஒயர் சேர்ந்தால் 'பீப்' அடிக்குமே, அது. சுவிட்சின் வயர் கனெக்டரைக் கழற்றி இரண்டு முனையிலும் மீட்டரின் முள்ளை வைத்து, பெடலை மிதித்தும் விட்டும் பாருங்கள். மிதிக்கும்போதும் விடும்போதும் ஒரே மாதிரி இருந்தால் சுவிட்ச் போய்விட்டது. பல சமயம் சுவிட்ச் நன்றாகவே இருக்கும், அதை அழுத்த வேண்டிய தகடு வளைந்து, அழுத்தம் போய்ச் சேராமல் இருக்கும். வாங்குவதற்கு முன் அதையும் பாருங்கள்.

சீட் சுவிட்சை நேராக இணைத்துவிட்டால் தொல்லை விட்டதே?

தயவுசெய்து வேண்டாம். நீங்கள் தவறி விழுந்தால் இன்ஜினை அணைப்பது அந்த சுவிட்ச் ஒன்றுதான். அது இல்லாவிட்டால் கீழே விழுந்த ஆளுக்குப் பக்கத்திலேயே பிளேடு சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. பல வண்டிகளில் சீட்டில் ஆள் இல்லாதபோது இந்த சுவிட்ச், பிளக்குக்குப் பொறி தரும் இக்னிஷன் காயிலை எர்த் செய்யும். அப்படிப்பட்ட வண்டியில் இரண்டு வயரையும் சேர்த்துக் கட்டினால் பொறியே வராது. இருந்த பழுதோடு புதுப் பழுது ஒன்று சேரும். சுவிட்ச் போயிருந்தால் புதிது போட்டுவிடுங்கள்.

பேட்டரி நல்லதா கெட்டதா என்று எப்படித் தெரியும்?

வண்டியை ஓட்டாமல் சில மணி நேரம் விட்டு வைத்து, மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட்டோ அதற்கு மேலோ என்றால் முழு சார்ஜ். 12.4 என்றால் பரவாயில்லை. 12க்குக் கீழே போயிருந்தால் இறங்கிவிட்டது என்று அர்த்தம், முதலில் சார்ஜ் போடுங்கள்.

ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் எண்ணை மட்டும் நம்பி ஏமாறக்கூடாது. தட்டுகள் கெட்டுப்போன பேட்டரியும் லோடு இல்லாதபோது 12.6 காட்டும். மீட்டரை டெர்மினலில் வைத்துக்கொண்டே யாரையாவது சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். இன்ஜின் சுற்றும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால், அதுவும் முழு சார்ஜ் போட்ட பிறகும் சரிந்தால், பேட்டரியின் ஆயுள் முடிந்தது.

இந்தச் சிறிய பேட்டரிகளுக்கு மெதுவாகச் சார்ஜ் ஏற்றுவதே நல்லது. 2 ஆம்பியரில் ஓர் இரவு போட்டால் போதும். காருக்கான பெரிய சார்ஜரை வேகத்தில் வைத்தால் சூடாகி உள்ளே கெட்டுப்போகும். ஒருவழியாக வண்டி ஓடத் தொடங்கியதும், இன்ஜினை முழு வேகத்தில் வைத்து டெர்மினலில் இன்னொரு முறை அளந்து பாருங்கள். ஏறக்குறைய 13.5 முதல் 14.5 வோல்ட் வரவேண்டும். 12 சொச்சத்திலேயே நின்றால் சார்ஜிங் வேலை செய்யவில்லை. எத்தனை பேட்டரி மாற்றினாலும் இரண்டே வாரத்தில் இறங்கிவிடும்.

'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். அப்புறம் அமைதி.

அந்த 'டிக்' சோலனாய்டின் சத்தம். சாவியைத் திருப்பியதும் பேட்டரியின் கரண்டைச் செல்ஃபுக்கு விடும் சுவிட்ச் அது. சாவி, ஃபியூஸ், சுவிட்சுகள் எல்லாம் சரியாக இருக்கின்றன, கரண்ட் சோலனாய்டு வரை வந்துவிட்டது என்று அது சொல்கிறது. அங்கிருந்து செல்ஃப் மோட்டாருக்குப் போகவில்லை, அல்லது போயும் மோட்டாரால் சுற்ற முடியவில்லை.

இரண்டில் எது என்பதையும் மீட்டர் சொல்லிவிடும். 'டிக்' கேட்கும் அந்த நொடியில் பேட்டரியின் வோல்ட்டைப் பாருங்கள். 12.5லேயே அசையாமல் நின்றால் கரண்ட் ஓடவே இல்லை. சோலனாய்டின் உள் காண்டாக்ட் கருகியிருக்கும், அல்லது தடித்த கேபிள் எங்கோ தளர்ந்திருக்கும். 8, 9 என்று விழுந்தால் பேட்டரி பலவீனம். பத்து, பதினொன்றில் நின்றுகொண்டு மோட்டார் சுற்றவில்லை என்றால் மோட்டாரிலோ இன்ஜினிலோ இறுக்கம் இருக்கிறது.

'டிக்டிக்டிக்' என்று படபடத்தால் அநேகமாக பேட்டரி இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் டெர்மினல் லூஸ்.

சோலனாய்டின் இரண்டு முனைகளையும் ஸ்க்ரூடிரைவரால் சேர்த்து ஸ்டார்ட் செய்யும் வழக்கம் பலருக்கு உண்டு. அப்படிச் செய்யும்போது எல்லாப் பாதுகாப்பு சுவிட்சுகளையும் தாண்டிவிடுகிறீர்கள். வண்டி கியரில் இருந்தால் பக்கத்தில் நிற்கும் உங்கள் மேலேயே ஏறும். மீட்டரால் தெரிந்துகொள்ள முடிவதை இப்படிப் பார்க்க வேண்டாம்.

கார் பேட்டரியிலிருந்து ஜம்ப் செய்யலாமா?

செய்யலாம். இரண்டும் 12 வோல்ட்தான். கார் இன்ஜின் அணைந்திருக்க வேண்டும். ஓடும் காரிலிருந்து எடுக்க வேண்டாம். பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ். நெகட்டிவின் கடைசி முனையைப் புல்வெட்டியின் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜினின் வெறும் இரும்பில் மாட்டுங்கள். மாட்டும்போது எழும் பொறி பேட்டரியிலிருந்து வரும் ஹைட்ரஜன் வாயுவில் படாமல் இருக்கத்தான் அது.

செல்ஃப் முக்குகிறது. இன்ஜின் பாதி சுற்றி, சுவரில் முட்டியது போல நின்றுவிடுகிறது.

இந்தக் கேள்விக்குத்தான் அதிகப் பேர் தவறான பொருளை வாங்குகிறார்கள். என் வண்டியும் ஒரு பருவத்தில் இப்படித்தான் செய்தது. பேட்டரி மாற்றினேன், கொஞ்சம் பரவாயில்லை போலத் தெரிந்தது. பத்து நாளில் பழையபடி. செல்ஃப் மோட்டாரை மாற்றினேன், அதுவும் அதே இடத்தில் முட்டி நின்றது. கடைசியில் காரணம் டேப்பெட், அதாவது வால்வு இடைவெளி.

இந்த இன்ஜின்களில், குறிப்பாகப் பெரிய ஒற்றை சிலிண்டர் இன்ஜின்களில், கம்ப்ரெஷனை, அதாவது சிலிண்டருக்குள் அழுத்தப்படும் காற்றை எதிர்த்து முழுதாகச் சுற்றும் பலம் அந்தச் சின்ன செல்ஃபுக்கு இல்லை. அதனால் வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டில் ஒரு சிறிய மேடு வைத்திருப்பார்கள். ஸ்டார்ட் ஆகும் மெதுவான வேகத்தில் அந்த மேடு ஒரு வால்வை மயிரிழை தூக்கிவிட்டு, அடைபட்ட காற்றைக் கொஞ்சம் வெளியேற்றும். இன்ஜின் லேசாகச் சுற்றும். நாளடைவில் தேய்ந்து வால்வு இடைவெளி கூடிவிட்டால் அந்த மேட்டின் உயரம் வால்வுக்கு எட்டுவதில்லை. காற்று முழுவதும் சிலிண்டருக்குள் அடைபடும். பிஸ்டன் மேலே ஏற முடியாமல் அந்த இடத்திலேயே நின்றுவிடும்.

சோதிப்பது மிக எளிது. பிளக்கைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்புங்கள். (தொப்பியை ஓட்டைக்குத் தள்ளி வையுங்கள்; உள்ளிருந்து பெட்ரோல் ஆவி வரும்.) இன்ஜின் பம்பரம் மாதிரி சுற்றினால் பேட்டரியும் செல்ஃபும் அநேகமாக நன்றாகவே இருக்கின்றன.

சரி செய்வதும் வீட்டில் முடியக்கூடிய வேலைதான். இன்ஜின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். வால்வு கவரைத் திறங்கள். பிளக் ஓட்டையில் ஒரு மெல்லிய குச்சியை விட்டு, இன்ஜினோடு சுற்றும் கனமான சக்கரமான ஃப்ளைவீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். குச்சி மேலே ஏறி, இரண்டு வால்வும் மூடியிருக்கும் நிலையில் உச்சிக்கு வரும். அங்கேயே அளந்தால் அந்த மேடு குறுக்கே வந்து ஏமாற்றும். உச்சியைத் தாண்டி குச்சி ஏறக்குறைய 6 மி.மீ. இறங்கும் வரை இன்னும் கொஞ்சம் சுற்றுங்கள். இப்போது வால்வை அழுத்தும் ராக்கருக்கும் வால்வு முனைக்கும் நடுவில், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழையுங்கள். இடைவெளி பொதுவாக ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். இன்லெட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் எண் மாறலாம், உங்கள் இன்ஜினின் கையேட்டைப் பார்த்து வையுங்கள். கேஜ் லேசாக உரசிக்கொண்டு வரவேண்டும், சிக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது. லாக் நட்டை முடுக்கும்போது அளவு நகர்ந்துவிடும் என்பதால் முடுக்கிய பிறகு மறுபடி அளந்து பாருங்கள்.

என் வண்டியில் கேஜ் இரண்டு தகடு சேர்த்து நுழைந்தும் இடம் மிச்சமிருந்தது. செட் செய்து பிளக்கை மாட்டிச் சாவியைத் திருப்பினேன், முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது.

இன்ஜின் அசையவே மாட்டேன் என்கிறது. ஆயிலில் பெட்ரோல் வாசனையும் வருகிறது.

உடனே சாவியை விடுங்கள். கார்புரேட்டர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்க வேண்டிய ஃப்ளோட் ஊசி மூடாமல் நின்று, டாங்கிலிருந்து பெட்ரோல் இரவெல்லாம் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது. காற்றை அழுத்தலாம், திரவத்தை அழுத்த முடியாது. பிஸ்டன் அதில் முட்டி நிற்கிறது. வலுக்கட்டாயமாகச் சுற்றினால் கனெக்டிங் ராடு வளையும்.

டிப் ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். ஆயில் மட்டம் குறிக்கு மேலே ஏறியிருக்கும், தண்ணீர் போல இளகி வழியும். பெட்ரோல் வால்வை மூடிவிட்டு, வால்வு இல்லையென்றால் குழாயைக் கிளிப்பால் நெரித்துவிட்டு, பிளக்கைக் கழற்றி, ஓட்டை மேல் ஒரு துணியை வைத்து இன்ஜினைச் சுற்றுங்கள். உள்ளே நின்ற பெட்ரோல் பீய்ச்சிக்கொண்டு வரும். சுற்றுவட்டாரத்தில் நெருப்பு இருக்கக்கூடாது. பிளக் தொப்பியை நன்றாகத் தள்ளிக் கட்டி வையுங்கள்.

அந்த ஆயிலோடு இன்ஜினை ஓட்டவே கூடாது. ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, ஃப்ளோட் ஊசியைச் சுத்தம் செய்யுங்கள் அல்லது மாற்றுங்கள். குழாயில் ஒரு சிறிய மூடும் வால்வு போட்டு, வண்டியை நிறுத்தும்போதெல்லாம் மூடினால் இந்தப் பழுது திரும்ப வராது. என்னைக் கேட்டால், இந்த வால்வு இல்லாத எந்த வண்டிக்கும் ஒன்று போட்டுவிடுவேன்.

செல்ஃப் 'விர்ர்' என்று சுற்றுகிறது, இன்ஜின் அசையவில்லை.

செல்ஃபின் பல்சக்கரம் மேலே எகிறி ஃப்ளைவீலைப் பிடிக்கவில்லை. அது ஏறும் மரையில் தூசும் பழைய கிரீசும் இறுகியிருக்கும். கிளீனர் அடித்துச் சுத்தம் செய்து, கையால் திருகினால் ஏறி இறங்குகிறதா பாருங்கள். சில மாடல்களில் அந்தப் பல்சக்கரம் பிளாஸ்டிக். பல் மழுங்கியிருந்தால் அதை மட்டும் மாற்றலாம், முழு மோட்டாரை வாங்க வேண்டியதில்லை.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது. ஆனால் பிடிக்கவில்லை. பெட்ரோலா, பொறியா?

ஏர் ஃபில்டரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் ஒரு தேக்கரண்டி புது பெட்ரோலை விட்டு, ஃபில்டரைத் திரும்ப மாட்டி ஸ்டார்ட் செய்யுங்கள். ஃபில்டர் இல்லாமல் செய்ய வேண்டாம், பின்பக்கமாகத் தீ கக்கினால் முகத்தில் படும். இரண்டு மூன்று நொடி ஓடி அணைந்தால் பொறி இருக்கிறது, பெட்ரோல்தான் வரவில்லை. ஒரு உறுமல்கூட இல்லை என்றால் பொறியைத் தேடுங்கள்.

ஃபில்டரைக் கழற்றியிருக்கும்போதே சோக்கையும் பார்த்துவிடுங்கள். நெம்புகோலைச் சோக்குக்குத் தள்ளினால் உள்ளே இருக்கும் தட்டு முழுவதுமாக மூட வேண்டும். கேபிள் கிளிப்பிலிருந்து நழுவி, தட்டு முக்கால்வாசியில் நிற்பது சாதாரணம். ஆறிய இன்ஜின் அப்படிப் பிடிக்காது.

செல்ஃபை ஒரேயடியாக அமுக்கிக்கொண்டிருக்க வேண்டாம். ஐந்து நொடி சுற்றி, ஒரு நிமிடம் ஆறவிட்டு, மறுபடி. இல்லாவிட்டால் நல்ல மோட்டாரும் கருகும்.

போன பருவத்துப் பெட்ரோல் டாங்கில் கிடக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று சொல்லமாட்டேன். பெட்ரோல் 30 நாளிலேயே கெடத் தொடங்கும். எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும், ஆறிய இன்ஜின் பிடிப்பதற்குத் தேவையானதும் அதே பகுதிதான். மிச்சம் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படியும். எத்தனால் கலந்திருந்தால் காற்றிலிருக்கும் ஈரத்தையும் இழுக்கும். ஈரம் அளவுக்கு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் தொடங்குவதும் அங்கேதான்.

சந்தேகமிருந்தால் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து, கால் மணி நேரம் அசையாமல் வைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நல்ல பெட்ரோல் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். கெட்டது டீத்தண்ணீர் நிறத்தில், மூக்கைச் சுளிக்க வைக்கும் வார்னிஷ் வாடையோடு இருக்கும். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக ஒரு கோடு தெரியும். இரண்டில் எதைக் கண்டாலும் டாங்கை முழுவதும் காலி செய்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். பழையதோடு புதிதைக் கலப்பதில் அர்த்தமில்லை. இந்த இன்ஜின்களுக்கு எத்தனால் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

புது பெட்ரோல் ஊற்றியும் கார்புரேட்டருக்கு வரவில்லை.

முதலில் டாங்க் மூடியைத் தளர்த்துங்கள். மூடியில் காற்றுத் துளை அடைத்தால் டாங்குக்குள் வெற்றிடம் உண்டாகி பெட்ரோல் இறங்காது. தளர்த்தியதும் 'புஸ்' என்று காற்று உள்ளே போனால் காரணம் கிடைத்துவிட்டது.

அடுத்து ஃபில்டர். அதில் உள்ள அம்புக்குறி கார்புரேட்டர் பக்கம் பார்க்க வேண்டும். பம்ப் இருக்கும் வண்டிகளில், இன்ஜின் கேஸிலிருந்து வரும் காற்றுத் துடிப்பால் அந்தப் பம்ப் வேலை செய்யும். துடிப்பைக் கொண்டுவரும் சிறிய ரப்பர் குழாய் வெடித்திருந்தால் பம்ப் நன்றாக இருந்தும் இழுக்காது. பம்பை வாங்கும் முன் அந்தக் குழாயை வளைத்துப் பாருங்கள். வெடிப்பு வளைத்தால்தான் தெரியும்.

கார்புரேட்டருக்கு அடியில் ஒரு வயர் போகிறதே, அது எதற்கு?

அது பெட்ரோலை நிறுத்தும் சோலனாய்டு. சாவி ஆஃப் செய்ததும் உள்ளே இருக்கும் முள் எகிறி, பெட்ரோல் போகும் சிறு துளையான மெயின் ஜெட்டை அடைத்துவிடும். சாவியை ஆன் நிலைக்குக் கொண்டுவரும்போது, ஸ்டார்ட் வரை போகாமல், அதன் பக்கத்தில் காதை வைத்தால் மெல்லிய 'டக்' கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் அந்த வயரில் 12 வோல்ட் வருகிறதா பாருங்கள். வந்தும் முள் நகரவில்லை என்றால் சோலனாய்டு போய்விட்டது, அல்லது பிசின் ஏறிச் சிக்கியிருக்கிறது.

கார்புரேட்டரை நானே சுத்தம் செய்யலாமா?

செய்யலாம், பொறுமை இருந்தால். கழற்றும் முன் கம்பிகளும் ஸ்பிரிங்குகளும் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் நாலு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கவர்னர் ஸ்பிரிங்கை ஓர் ஓட்டை தள்ளி மாட்டினால் இன்ஜின் வேகமே மாறிவிடும்.

அடிக்கிண்ணத்தைக் கழற்றினால் பழைய பெட்ரோல் வைத்த வண்டியில் பச்சை கலந்த பழுப்புப் பிசின் தெரியும். எத்தனாலும் ஈரமும் சேர்ந்திருந்தால் வெள்ளைப் பொடி. நடுவில் நிற்கும் மெயின் ஜெட்டின் ஓட்டை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் வட்டமான புள்ளியாக வெளிச்சம் தெரிய வேண்டும். பிறை மாதிரியோ நசுங்கிய மாதிரியோ தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. செம்பு வயரிலிருந்து உருவிய ஒற்றை இழையால் குத்துங்கள். எஃகு ஊசி வேண்டாம், பித்தளை ஓட்டை பெரிதாகிவிடும், அதற்கப்புறம் பெட்ரோல் கூடுதலாகப் போய்க்கொண்டே இருக்கும். ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டு கிளீனர் அடியுங்கள். பக்கவாட்டுச் சிறு துளைகளில் அடிக்கும்போது அது மறுபக்கம் வெளியே வருவதைக் கண்ணால் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் துளிகள் எதிர்பாராத திசையில் வரும்.

பெட்ரோல் வாடை பலமாக அடிக்கிறது. பிளக்கும் நனைந்திருக்கிறது.

ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. சோக்கை எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுவதும் தள்ளி, ஐந்து ஐந்து நொடியாகச் சுற்றுங்கள். பிடிக்காவிட்டால் பிளக்கைக் கழற்றித் துடைத்துக் காயவைத்து, கால் மணி நேரம் கழித்து மாட்டுங்கள். திரும்பத் திரும்ப இப்படியானால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கிறதா, சோக் திறக்காமல் நிற்கிறதா என்று பாருங்கள்.

பொறி வரவில்லை. காயில் போய்விட்டதா?

அந்த முடிவுக்குப் போக அவசரப்பட வேண்டாம். முதலில் ஒரு புது பிளக். இடைவெளி பல இன்ஜின்களுக்கு 0.76 மி.மீ. பிளக் மலிவான பொருள், சந்தேகத்தை ஒரேயடியாகத் தீர்த்துவிடும். பொறியைப் பார்க்க ஸ்பார்க் டெஸ்டர் பயன்படுத்துங்கள். பிளக்கை இன்ஜின் மேல் வைத்துப் பார்க்கும் வழக்கத்தில் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

புது பிளக்கிலும் பொறி இல்லையா? பெரும்பாலான இந்த இன்ஜின்களில் பொறிக்கு பேட்டரியே வேண்டாம். ஃப்ளைவீலில் இருக்கும் காந்தம் காயிலைக் கடக்கும்போதுதான் கரண்ட் பிறக்கிறது. இன்ஜினை அணைப்பதற்கென்று காயிலிலிருந்து ஒரு மெல்லிய வயர் சாவிக்குப் போகும். அது எர்த் ஆனால் பொறி நிற்கும். அந்த வயர் வழியில் எங்கேயாவது தோல் உரிந்து இரும்பில் பட்டாலும் இதேதான் நடக்கும். இன்ஜினுக்குப் பக்கத்தில் அதைக் கழற்றிவிட்டு டெஸ்டரில் பாருங்கள். பொறி வந்துவிட்டால் காயில் நல்லது. பழுது வயரிலோ சாவியிலோ பாதுகாப்பு சுவிட்சிலோ இருக்கிறது. இந்த நிலையில் இன்ஜின் ஓடத் தொடங்கினால் சாவியால் அணையாது என்பதை மறக்க வேண்டாம். சோக்கை முழுவதும் மூடித்தான் அணைக்க வேண்டும். பார்த்து முடித்ததும் வயரைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

கழற்றியும் பொறி வரவில்லை என்றால்தான் காயில். மாற்றும்போது காயிலுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டை வைத்து, காந்தம் இழுத்துப் பிடித்தபடியே திருகை முடுக்குங்கள். பல இன்ஜின்களுக்கு வேண்டிய 0.25 முதல் 0.35 மி.மீ. இடைவெளி அந்தக் கார்டின் தடிமனில் வந்துவிடும்.

அரை மணி நேரம் ஓடி அணைந்துவிடுகிறது. சூடாக இருக்கும்போது பிடிப்பதில்லை, ஆறினால் பிடிக்கிறது.

இரண்டு காரணங்கள்தான் பெரும்பாலும். ஒன்று, மேலே சொன்ன டாங்க் மூடித் துளை. இன்னொன்று, சூட்டில் செத்து ஆறியதும் உயிர்பெறும் காயில். அணைந்த அந்த நிமிடமே டெஸ்டரை மாட்டிப் பாருங்கள். ஆறவிட்டால் சாட்சியமே போய்விடும்.

கார்புரேட்டர் வழியாகப் 'பட்' என்று திருப்பி அடிக்கிறது.

ஃப்ளைவீல் நட்டுக்கு அடியில், ஃப்ளைவீலை ஷாஃப்டோடு நேராகப் பிடித்து வைக்கும் சிறிய உலோகத் துண்டு (கீ) பாதி வெட்டுப்பட்டிருந்தால் பொறி விழும் நேரம் தவறிவிடும். ஃப்ளைவீலைக் கழற்றி, ஷாஃப்டின் காடியும் ஃப்ளைவீலின் காடியும் நேராக நிற்கின்றனவா பாருங்கள். கொஞ்சம் விலகியிருந்தாலும் அந்தத் துண்டை மாற்ற வேண்டும். உட்கார்ந்து ஓட்டும் வண்டியில் பிளேடு பெல்ட்டில் ஓடுவதால் கல்லில் இடித்து இது உடைவது குறைவு. ஃப்ளைவீல் நட் சரியான முறுக்கில் இல்லாததே வழக்கமான காரணம். வால்வு ஒட்டிக்கொண்டு நின்றாலும் இப்படி அடிக்கும்.

ஸ்டார்ட்டிங் ஸ்பிரே அடிக்கலாமா?

நான் அடிப்பதில்லை. ஒரு தேக்கரண்டி பெட்ரோல் அதே பதிலைத் தருகிறது. ஸ்பிரே வெடிக்கும் வேகம் இந்தச் சிறிய இன்ஜின்களுக்கு நல்லதல்ல.

தண்ணீர் பீய்ச்சிக் கழுவினேன், அப்புறம் ஸ்டார்ட் ஆகவில்லை.

சீட்டுக்கு அடியில் உள்ள சுவிட்சுகளிலும் பிளக் தொப்பியிலும் தண்ணீர் போயிருக்கும். காற்றடித்து, வெயிலில் சில மணி நேரம் விடுங்கள். பெரும்பாலும் தானாகச் சரியாகும்.

எலி கடித்தால்கூட இப்படி ஆகுமா?

ஆகும். இன்ஜின் மேல் மூடிக்கு அடியில் கூடு கட்டி, காயில் வயரைக் கடித்துப் போட்டிருக்கும். குளிரூட்டும் காற்றுப் பாதையும் அடைந்திருக்கும். நீண்ட நாள் நின்ற வண்டியில் அந்த மூடியைக் கழற்றிப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம்.

பெட்ரோல் வருகிறது, பொறியும் வருகிறது. ஆனாலும் பிடிக்கவில்லை.

கம்ப்ரெஷனைப் பார்க்க வேண்டும். வால்வு கவரைத் திறந்து, ராக்கரைத் தள்ளும் கம்பியான புஷ்ராடு வளையாமல், இடம் மாறாமல் இருக்கிறதா பாருங்கள். இது வீட்டிலேயே முடியும். அதற்கு மேல் என்றால் மெக்கானிக்கிடம் போங்கள். சும்மா கம்ப்ரெஷன் கேஜ் வைத்து 'குறைவாக இருக்கிறது, இன்ஜினைப் பிரிக்கணும்' என்று சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். நான் மேலே சொன்ன அந்த மேடு காற்றை வெளியே விடுவதால் நல்ல இன்ஜினிலும் கேஜ் குறைத்துத்தான் காட்டும். சிலிண்டருக்குள் காற்றை ஏற்றி, எங்கே கசிகிறது என்று கேட்கும் லீக் டவுன் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். சத்தம் கார்புரேட்டர் பக்கம் வந்தால் இன்லெட் வால்வு, சைலன்சர் பக்கம் வந்தால் எக்ஸாஸ்ட், ஆயில் குழாயில் வந்தால் பிஸ்டன் ரிங்.

பல மாதம் நிறுத்தி வைக்கப் போகிறேன். அடுத்த பருவத்தில் இந்தத் தொல்லை வராமல் இருக்க?

டாங்கில் பெட்ரோல் இருக்கப் போகிறது என்றால் அதைக் கெடாமல் வைக்கும் ஸ்டெபிலைசரைக் கலந்து, பத்து நிமிடம் இன்ஜினை ஓட்டுங்கள். கலந்தது கார்புரேட்டருக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். சும்மா டாங்கில் ஊற்றி மூடினால் ஜெட்டில் நிற்பது பழைய பெட்ரோல்தான். பிறகு பெட்ரோல் வால்வை மூடுங்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். பல மாதம் இறங்கிக் கிடந்தால் தட்டுகளில் சல்பேட் படிந்து திரும்ப ஏறாது. திரும்ப எடுக்கும் நாளில் முதல் வேலையாக டிப் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இல்லை என்றால் சாவியைத் திருப்பலாம்.